சாவு வீட்டு வாசலில் ஹாரன்

நவமணியக்காவை எனக்குப் பல வருஷம் பிடிக்காது. காரணம், அவருடைய பள்ளி வேனின் ஹாரன்.

மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் செம்பனை. லயம் என்கிற வரிசை வீடுகளில் முப்பது குடும்பம் மிச்சமிருக்கிறோம். எங்கள் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு ஏற்றிப்போவது அக்காவின் வேன்தான். காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு இரண்டு ஹாரன். பிள்ளை வரவில்லையென்றால் மூன்றாவது. அதற்கும் வரவில்லையென்றால், அடேயப்பா, லயமே எழுந்துவிடும்.

ஒரு பிள்ளை நின்றுபோனால் வேறு பிள்ளையை ஏற்றிக்கொள்வதுதான் வேன்காரர்கள் வழக்கம். இவருக்கு அது ஆகாது. முத்தம்மாவின் மகள் வயசுக்கு வந்ததும், பையன்களோடு உட்கார்ந்து போக வேண்டாம் என்று வீட்டில் நிறுத்தினார்கள். அக்கா அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் அந்த வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். "என்னா முத்தம்மா, ஒம்மக இன்னுமா தூங்குது?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல் வேறு. பதினேழு நாள்! பதினெட்டாம் நாள் மானம் தாங்காமல் முத்தம்மா மகளை அனுப்பினாள். அக்கா அவளைத் தன் பக்கத்து முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தப் பெண் இன்று ஈப்போவை ஒட்டிய சிலிபினில் ஒரு கிளினிக்கில் தாதி.

எல்லாரையும் மீட்டுவிட்டார் என்று நான் கதை விட மாட்டேன். குமுதா என்று ஒரு பெண், கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. அவள் வீட்டைத் தாண்டும்போது வேன் இன்றும் மெதுவாகப் போகும். ஏன் என்று கேட்டால், "அங்கன ரோட்டுல குழி தம்பி" என்பார். அங்கே குழியும் இல்லை, ஒன்றும் இல்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் அர்ச்சுனன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அண்ணி கலாதேவி, ஒரே மகள் யுகனேஸ்வரி. ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது நான். இனி இந்த வீட்டுக்கு நான்தான் பெரிய மனுஷன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. இறப்பைப் பதியப் போனபோது எது தேவைப்படுமோ என்று வீட்டிலிருந்த ஐசி, அதாவது அடையாள அட்டை, எல்லாவற்றையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யுகாவின் ஐசியும் அதில் இருந்தது.

அவளுக்குப் பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். செவ்வாய்க்கிழமை செஜாரா, அதாவது வரலாறு. அதில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை தகனம் முடிந்து வந்ததும் அவளே சொன்னாள்.

"சித்தப்பா, நாளைக்கு பேப்பர் இருக்கு."

"பதினாறு கழியாம வாசப்படி தாண்டக் கூடாதும்மா. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து உள்ளே போனார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய் காலை. சாம்பலை எடுத்து லூமுட் கடலில் கரைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் இரண்டு ஹாரன்.

எனக்கு வந்ததே கோபம்! கையை ஓங்கிக்கொண்டுதான் ஓடினேன்.

"அறிவிருக்காக்கா ஒனக்கு? சாவு வீடுன்னு தெரியல?"

"தெரியும் தம்பி. நேத்து நானும்தானே இங்க நின்னு அழுதேன்." அவர் இன்ஜினை நிறுத்தவில்லை. "இன்னிக்கி செஜாரா. எட்டு மணிக்கு."

"அது அடுத்த வருஷம் எழுதிக்கும்."

"இதையே சொல்லித்தான் இந்த வேன்ல இருந்து நாலு பொண்ணு எறங்குச்சு. ஒண்ணாச்சும் எழுதுச்சா, சொல்லு? ஆறேகால் வரைக்கும் நிப்பேன் லா. மத்த பிள்ளைங்களுக்கும் பேப்பர் இருக்கு."

சொல்லிவிட்டு மூன்றாவது ஹாரனை அடித்தார். பந்தலில் படுத்திருந்த உறவுக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். எங்கள் பெரியம்மா இருளாயி, "இது பொம்பளையா பேயா!" என்று மண்ணை வாரித் தூற்றாத குறைதான். அக்கா நாலாவதையும் அடித்தார்.

அப்போது யுகா வாசலுக்கு வந்தாள். பள்ளிச் சீருடையில். பின்னால் அண்ணி. அந்தச் சீருடையை அண்ணி எப்போது துவைத்தார், எப்போது தேய்த்தார் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. யுகாவும் தலையைக் குனிந்தபடி பேசாமல் படியிறங்கினாள்.

"யுகா" என்றார் அண்ணி. அண்ணன் போனதிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான். "போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ."

"ஐயையோ கலா, சாவு வீட்டுல என்னா பேச்சு இது!" என்று பெரியம்மா பதறினார்.

"சாவு எம்புருஷனுக்கு. எம்மகளுக்கு இல்ல."

யுகா நேராக என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். ஐசி இல்லாமல் தேர்வு மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். அது என் சட்டைப் பையில் இருந்தது.

"போய்ட்டு வாரேன் சித்தப்பா."

முடியாது என்று நான் சொல்லியிருந்தால் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அழுதுகொண்டே உள்ளே திரும்பியிருப்பாள். அத்தோடு அந்தப் பிள்ளையின் படிப்புக்கும் நான் கொள்ளி வைத்திருப்பேன். ஐசியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"போய்ட்டு வாம்மா" என்றேன்.

நவமணியக்கா எனக்கு நன்றியும் சொல்லவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "தள்ளி நில்லு தம்பி, கால் மேல ஏத்திறப் போறேன்" என்று கியரைப் போட்டார்.

தேறினாளா என்று கேட்பீர்கள். தேறினாள். இப்போது ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படிக்கிறாள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான். லூமுட்டில் அண்ணனைக் கரைத்துவிட்டு வந்து, ஈரத் துணியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஹாரன் கேட்டது. நானே ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். யுகா படியேறி உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, வந்துட்டேன்."