ஜன்னல் சீட்டில் மாட்டிக்கொண்ட வேதியியல் டீச்சர்

இன்று அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி, ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், போன வருடம் என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவியின் அம்மா.

"டீச்சர், பிராக்டிகல்ல எம்மகளுக்கு முழு மார்க்கு போட்டீகள்ல? இப்ப காலேஜுல ஒண்ணுமே செய்யத் தெரியலன்னு அழுகுறா. நீங்களே கேளுங்க."

மகளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டீச்சர், பியூரெட்டத் தெறந்து சொட்டு சொட்டா விட்டா கீழ இருக்குற கரைசல் இளஞ்சிவப்பா மாறும்னு ரெக்கார்டு நோட்டுல எழுதுனேன்ல? எத்தன சொட்டுல டீச்சர் மாறும்? இங்க எல்லாரும் பாத்துருக்காங்க. நான் பாத்ததே இல்ல."

எப்படிப் பார்த்திருப்பாள்? உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அந்தக் கண்ணாடிக் குழாய்களைப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளை நோட்டு மட்டும் எழுத வைத்தவள் நான்தான்.

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து போக வழியில்லை, நிற்கிற கூட்டம் அப்படி.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன்.

அம்மா போனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சின்னவளும் இந்த வருசம் உங்ககிட்டதான் வாரா. அவளுக்கும் முழு மார்க்கு போட்டுருங்க டீச்சர்."

திருச்சுழி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

சக வேதியியல் ஆசிரியர்களே, உங்கள் பள்ளி பியூரெட் கடைசியாக எப்போது நனைந்தது?