ஓட்டையைச் சொன்னவள்

சென்ற வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாத நாட்கள். மாத்தளை டவுனில் எங்கள் சந்தில் சுவர்கள்கூட வியர்த்துக்கொண்டிருந்தன. எங்களுக்கும் பக்கத்து வீட்டு நானாவுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்; இவர் மிளகு, கராம்பு வியாபாரம் செய்பவர். கொரோனா காலத்தில் என் மகளின் ஸூம் வகுப்புக்காகத் தன் வைஃபை பாஸ்வேர்டை அவராகவே கொண்டுவந்து கொடுத்தார்.

"நடுவுல சுவர் ஈக்கிதுன்னு சிக்னலுக்குத் தெரியவா போகுது தம்பி?" என்று சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே ரவுட்டர்.

அந்த மகள் பிறகு கம்பஸில் கம்ப்யூட்டர் படிக்கப் போனாள். நோன்புப் பெருநாளுக்கு நானா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், அலுமாரிக்கு மேலே பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, இது பழைய மொடல். இதுல ஓட்டை இருக்கு" என்றாள்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க, பெட்டிக்குள் ஒரு முகவரியை எழுதிப் பார்க்கும் இடம் உண்டாம். முகவரியோடு ஒரு கட்டளையையும் ஒட்டி எழுதிவிட்டால், எழுதியது யார் என்று பாராமல் பெட்டி அதையும் செய்துவிடுமாம். அந்த இடம் வெளியுலகத்துக்கும் திறந்தே கிடந்தது. "வெளியில இருந்து வர்ற வழியை இப்பவே அடைச்சிர்றேன். புது சொஃப்ட்வேர் இருந்தா போட்டுடலாம். இல்லாட்டி பெட்டியை மாத்துங்க" என்று எழுந்தாள்.

"வேல செய்றதைத் தொடாதீங்க மகள். வட்டிலப்பத்தைச் சாப்பிடுங்க" என்று உட்கார வைத்துவிட்டார்.

ஐப்பசியில் அவள் லீவுக்கு வந்திருந்தபோது லைன் செத்தது. அவருடைய இணைப்பிலிருந்து யாரோ ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்களைத் தாக்குகிறார்கள், அதனால் நிறுத்தியிருக்கிறோம் என்று இணைய நிறுவனத்திலிருந்து போன் வந்ததாம். நானா எங்கள் வாசலுக்கு வந்தார். மழை. உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. குடையையும் மடக்கவில்லை.

"ஓட்டை ஈக்கிற விசயம் அவளுக்கு மட்டும்தானே தெரியும், தம்பி?"

மெதுவாகத்தான் கேட்டார். சமையலறையில் மகள் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்த கத்தியின் சத்தம் நின்றது. மறுபடி அது தொடங்கவே இல்லை.

நானா பாஸ்வேர்டை எங்களுக்குச் சொல்லாமல் மாற்றிய பிறகு அவருக்கு லைன் திரும்ப வந்தது. எங்களுக்கு இல்லை. பேச்சு மட்டும் சுவருக்குச் சுவர் தாவிச் சந்து முழுக்கப் போனது. முக்குக் கடையில் ஒருவர், "மக பெரிய ஆளாமே! நம்ம போனையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க, அங்க திருட ஒன்னுமே இல்ல" என்றார். கடையே சிரித்தது. அவள் லீவு முடியும் முன்பே கிளம்பினாள். பஸ் ஏறும்போதுகூட அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு லைன் மறுபடியும் செத்தது.

பார்க்க வந்த டெக்னீசியன், இந்த மொடல் இருக்கிற வீடுகளிலெல்லாம் இதே கதைதான் என்றார். பெட்டிக்குள் புகுந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து, அந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு இனிப் புது சொஃப்ட்வேரும் வராது. கழற்றி எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்குத்தான் கதவு பூட்டப்பட்டிருந்தது, திருடர்களுக்கு இல்லை.

நானா வந்தார். இந்தத் தடவை குடையை மடக்கி, உள்ளே வந்து உட்கார்ந்தார். என் போனில் அவளோடு பேசினார். "மன்னிச்சிக்கோங்க மகள்" என்றார். "பரவால்ல மாமா" என்றாள் அவள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற பரவாயில்லை அது. அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். போனை என்னிடம் நீட்டிவிட்டு, மடக்கிய குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தைப்பொங்கலுக்கு அவளோடு ஒரு உறவினர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் டீவிக்குப் பக்கத்தில் அதே பெட்டி, அதே பச்சைக் கண்கள். அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். "சொல்லேன்மா" என்று காதோரம் கேட்டேன்.

"வேணாம்பா. தேத்தண்ணிய குடிங்க, போவோம்."

எனக்குத் தெரிந்த அரைகுறையில் நானே சொல்லிப் பார்த்தேன். அவர்கள் சிரித்துவிட்டு முறுக்குத் தட்டை நீட்டினார்கள்.

இப்போதும் மழை பெய்கிற சாயங்காலங்களில் சந்தில் நடக்கும்போது, ஜன்னல்களுக்குள் அந்தப் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. எந்த வீடு திறந்து கிடக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் கடந்து போக என் மகளுக்குக் கற்றுக் கொடுத்தது இந்தச் சந்துதான் என்ற நினைப்பு, நனைந்த செருப்பைப் போல என் காலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.