ஃப்ளெக்ஸ்ல மட்டும் நர்ஸ்

நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்ச சேதி வந்ததும் நெனிட்டா செஞ்ச மொத வேலை, ஃப்ளெக்ஸ் அடிக்க ஓடினதுதான். மக ஜெனலினோட ஸ்கூல் போட்டோ. அது தலையில கடைக்காரன் கம்ப்யூட்டர்லயே ஒரு வெள்ளைத் தொப்பி மாட்டி விட்டான். "எங்கள் வருங்கால நர்ஸ்"னு பெருசா எழுதி, கேட்டை மறைச்சுக் கட்டியாச்சு. தெருவுக்கே பன்சித் நூடுல்ஸ் கிண்டிப் போட்டாச்சு.

எங்க இலோயிலோ ஊருப் பக்கம் இது ஒண்ணும் அதிசயம் இல்ல. பொண்ணு பொறந்தா பாதி வீட்ல நர்ஸுன்னே முடிவு பண்ணிருவாங்க. பாஸ் பண்ணா ஃப்ளெக்ஸ், வெளிநாடு போனா ஃப்ளெக்ஸ். நெனிட்டாவுக்குத்தான் பொறுமை கிடையாதே, காலேஜ் வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாடியே கட்டிட்டா.

குவைத்துல இருக்கற சித்தி சியோனி அனுப்பின பெரிய பொட்டியில சோப்பு, சாக்லேட்டு, டின் மாட்டுக்கறியோட ரத்த பிரஷர் பாக்கற மெஷின் ஒண்ணும் வந்துச்சு. அவ்வளவுதான், "வருங்கால"ங்கற வார்த்தை தெருவுல ஒருத்தர் கண்ணுலயும் படல. காலையில பல்லு வெளக்கினதும் கையை நீட்டிக்கிட்டு வந்து நின்னாங்க.

ஜெனலினுக்கும் அது புடிச்சிருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. போன்ல வீடியோ பாத்து கையில மெஷின் பட்டையைச் சுத்தக் கத்துக்கிட்டா. "நர்ஸம்மா"ன்னு கூப்பிட்டா கழுத்து கொஞ்சம் நீளும்.

அப்பதான் ஒரு நாளு அரிசி கேக் சுட்டு விக்கற புரிங் அக்கா வந்தாங்க. ரெண்டு நாளா தலைவலியாம். பட்டையைச் சுத்தி பட்டனை அமுக்கினா, மெஷின் இருநூறைத் தாண்டிச்சு. ஜெனலின் மறுபடி அமுக்கினா. மறுபடியும் அதேதான். சுத்தி ஏழெட்டுப் பேரு வாயப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

"என்னடி, சவப்பொட்டிக்குச் சொல்லி விடட்டுமா?"ன்னு புரிங் அக்கா சிரிச்சாங்க.

இவ்வளவு இருந்தா ஆபத்துன்னு வீடியோவுல பாத்தது ஞாபகம் இருந்துச்சு. ஆனா அத்தனை பேரு முன்னாடி "எனக்குப் பயமா இருக்கு, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சொல்ல நாக்கு எழல. கேட்டுல தொப்பி மாட்டிக்கிட்டு சிரிக்கறவ அப்படிச் சொல்லலாமா?

"கொஞ்சம் கூட இருக்குக்கா. வெயில்தான். போய்ப் படுங்க, சரியாயிரும்."

புரிங் அக்கா நல்ல புள்ளையா போய்ப் படுத்தாங்க. சாயங்காலம் மக டெஸ்ஸி எழுப்பினப்போ வாய் கோணியிருந்துச்சு, வலது கை துவண்டு கிடந்துச்சு. உசுரு தப்பிச்சதே பெருசு. மாவு கிண்டற கை போனது போனதுதான்.

யாரும் ஜெனலினை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா தேவலை. டெஸ்ஸி ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து, "நீயாச்சும் பாத்தியேம்மா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டா. அந்தப் பழம் மேசை மேலயே கறுத்துச்சு.

திங்கக்கெழமை காலேஜ். வெள்ளை யூனிஃபார்ம் தச்சு ஆணியில தொங்குது. வெள்ளிக்கெழமை, கருவாடு வறுத்துக்கிட்டிருந்த நெனிட்டா முதுகுக்குப் பின்னாடி நின்னு ஜெனலின் சொன்னா, "அம்மா, நான் காலேஜுக்குப் போகல."

"என்னது? பேய் கீய் புடிச்சிருக்கா? ஊருக்கே சோறு போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு! உங்க சித்தி கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பேசுவேன்? ரத்தம் பாக்கப் பயமா? மீன் வெட்டறல்ல, அப்புறம் என்ன?"

"ரத்தம் இல்லம்மா. புரிங் அக்கா."

எல்லாத்தையும் சொன்னா. கருவாடு தீஞ்சு வீடு பூரா புகை. நெனிட்டா அடுப்பை அணைச்சிட்டுத் திரும்பினா.

"நீ என்னடி பண்ணுவ? நீ நர்ஸே இல்லியே!"

"அதத்தானேம்மா நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்."

நெனிட்டா தீஞ்ச கருவாட்டை வழிச்சுக் கொட்டினா.

மறுநாள் காலையில ஜெனலின் தனியா புரிங் அக்கா வீட்டுக்குப் போனா. ஜன்னலோரம் கட்டில்ல சாஞ்சிருந்தாங்க. டெஸ்ஸி கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தா. ஜெனலின் உக்காரக்கூட இல்ல.

"அக்கா, அன்னைக்கு மெஷின்ல ரொம்ப அதிகமா காட்டுச்சு. எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டுட்டேன்."

டெஸ்ஸி கையில ஸ்பூன் அப்படியே நின்னுச்சு. புரிங் அக்கா கோணின வாயால குழறிக் கேட்டாங்க, "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

புரிங் அக்கா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "நீ கெளம்பு"ன்னா டெஸ்ஸி. திட்டல. அது ஒண்ணுதான் சொன்னா.

அழுத மூஞ்சியோட வீட்டுக்கு வந்தா, கேட்டுக்கிட்ட எதிர்வீட்டு இஸ்மோ தாத்தா சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நிக்கறாரு. "எங்க போன நர்ஸம்மா? காலையிலேர்ந்து கிறுகிறுன்னு வருது, சீக்கிரம் பாரு."

"நான் பாக்க மாட்டேன் தாத்தா. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஹெல்த் சென்டருக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"தெரியாதா? அப்ப எதுக்குடி ஊரை மறைச்சு இதக் கட்டி வச்சிருக்கீங்க?"

அவரைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு, முறை வர்ற வரைக்கும் காத்திருந்து, திருப்பிக் கூட்டிட்டு வந்தா. அப்புறம் நாற்காலியைப் போட்டு ஏறி ஃப்ளெக்ஸ் கயித்தை அவுத்தா. நெனிட்டா வாசல்ல வந்து, "கிழிச்சிராத, காசு போட்டு அடிச்சது!"ன்னு கத்திக்கிட்டே நாற்காலியைப் புடிச்சுக்கிட்டா.

ஃப்ளெக்ஸ் கீழ வந்தப்புறம் மெதுவா கேட்டா, "அப்ப திங்கக்கெழமை?"

ஜெனலின் அதை மடிச்சுக்கிட்டே இருந்தா. "போறேன். ஒண்ணும் கத்துக்காம இங்கயே இருந்தா இன்னொருத்தர் வந்து கைய நீட்டுவாங்க."

திங்கக்கெழமை காலையில ஜெனலின் ஏறின ஜீப்னி வண்டி புரிங் அக்கா வீட்டைத் தாண்டிச்சு. ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. அவங்க இவளைப் பாத்தாங்க. கையும் ஆட்டல, மூஞ்சியையும் திருப்பிக்கல. கஞ்சி மடிப்பு கலையாத யூனிஃபார்மோட ஜெனலின் அந்த ஜன்னல் மறையற வரைக்கும் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா.

ஃப்ளெக்ஸை நெனிட்டா வீணாக்கல. ஒழுகற பன்னிக் கொட்டாய்க்குக் கூரையாப் போட்டுட்டா, எழுத்தும் மூஞ்சியும் உள்பக்கமா. தொப்பி போட்ட நர்ஸைப் பன்னி மட்டும் அண்ணாந்து பாக்குது.