சோலை வரைந்த மூன்று படங்கள்

சந்திரவல்லி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். அவள் கணவன் சோலை போடியில் லாரிகளுக்கும் கடைகளுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மலையேறி வரும்போது தாளும் வர்ணமும் கொண்டுவந்து, தோட்டத்தில் கண்ணில் பட்டதை வரைவான். 1977இல் சென்னையில் ஒரு கண்காட்சிக்கென்று படம் தேடி வந்தவர்கள் அவனுடைய மூன்று படங்களை எடுத்துப்போனார்கள். அவற்றில் இரண்டை அங்குள்ள ஓர் அருங்காட்சியகம் வைத்துக்கொண்டது. மூன்றாவதைப் பற்றிக் குழு கூடி முடிவு செய்யும் என்றார்கள்.

அந்த முடிவு வருமுன் சோலை செத்துப்போனான். மழையில் ஆள் ஏற்றி வந்த ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் உருண்டுவிட்டது. சந்திரவல்லி அழவில்லை. காரியம் முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை. பசித்தால் சாப்பிட்டாள், இருட்டினால் படுத்தாள்.

1981இல் மூன்றாவது படத்தை வந்து வாங்கிக்கொள்ளும்படி சென்னையிலிருந்து தகவல் வந்தது. போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த கொழுந்தன் பிச்சைமணி அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

அருங்காட்சியகச் சுவர்களில் சோலையின் படம் ஒன்றுகூட இல்லை. "எங்க அண்ணன் படத்தை எங்க வச்சிருக்கீகம்மா?" என்று பிச்சைமணி கொஞ்சம் சூடாகவே கேட்டான். படங்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியர் ஒரு நடுவயது அம்மாள். அவர் கோபப்படாமல் பின்னால் இருந்த அறைக்கு அவர்களை அழைத்துப்போய் அகலமான இழுப்பறை ஒன்றை இழுத்தார். மெல்லிய தாள்களுக்கு இடையே இரண்டு படங்கள் கிடந்தன. காய் உலர்த்தும் அறை ஒன்று, லோடு ஏற்றும் லாரி ஒன்று.

"இம்புட்டுப் படத்துல எதை மாட்டுறதுன்னு எப்பிடிம்மா பொறுக்குவீக?" என்று சந்திரவல்லி கேட்டாள்.

"கண்காட்சி எதைப் பத்தின்னு முதல்ல முடிவாகும். அதுக்குப் பொருந்துற படத்தைத்தான் எடுப்போம். இந்த அறைப் படம் கொஞ்ச மாசம் சுவர்ல இருந்துச்சு. தண்ணி வர்ணம் வெளிச்சத்துல வெளுத்துடும், அதனால இப்ப இருட்டுல வச்சிருக்கோம். லாரிக்கு இன்னும் வாய்ப்பு வரலை."

மூன்றாவது படம் தனியாக ஓர் அட்டையில் இருந்தது. ஏலச் செடியின் தூரில் உட்கார்ந்து காய் எடுக்கும் ஒரு பெண். ஓரங்களில் பூஞ்சை புள்ளி வைத்திருந்தது.

"மத்த படத்துக்கும் இது பரவிடும்மா. வேலை செய்யுற பெண்கள் படம் இங்க நிறைய இருக்குன்னும் குழுவுல சொன்னாங்க. வச்சுக்கலாம்னு நான் பேசிப் பார்த்தேன், எடுபடலை." அவர் படத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நீங்களா?"

"ஆமா."

தன் முகத்தைப் பார்த்தபோது ஏதாவது தோன்றுமென்று சந்திரவல்லி காத்திருந்தாள். ரவிக்கையின் கை கிழிந்திருந்தது. அதைப் பிறகு தைத்துவிட்டோம் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"புகை, ஈரம் படாம பெட்டியில வைங்க. ரொம்ப வருஷம் இருக்கும்" என்றார் காப்பாட்சியர்.

"பெட்டிக்குள்ள கெடந்தா யாரும்மா பாப்பாக?"

"யாராவது கேட்டா எடுத்துக் காட்டுவோம். உங்களுக்குக் காட்டின மாதிரி."

"எங்க வீட்டுல கேக்க ஆளில்ல" என்றாள் அவள்.

ஆனாலும் அவர் சொன்னபடி பிளாஸ்டிக் தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அடுத்த மழைக்குக் கம்பளி எடுக்கத் திறந்தபோது புள்ளிகள் பெருகியிருந்தன. பார்க்க வந்த பிச்சைமணி பதறினான்.

"எங்கிட்டக் குடுங்க மதினி. கடையில காஞ்ச எடமா பாத்து வைக்கிறேன்."

"வேணாம் தம்பி. ஒரு ஆணி கொண்டா."

அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள்.

"பொகையில பாழாப் போயிரும் மதினி."

"போகட்டும். அதுவரைக்கும் பாத்துக்கிறேன்."

உலர்த்தும் அறைப் படத்தைச் சென்னையில் மறுபடி மாட்டியிருப்பதாகச் சில வருஷம் கழித்துப் பிச்சைமணி சொன்னான். "நல்லது" என்றாள். அதற்குள் மழை பொய்த்துச் செடிகள் காய்ந்து, தோட்டத்தில் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். அவள் போடிக்கு இறங்கி, ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். வாடகை வீட்டிலும் படம் அடுப்புக்கு எதிரேதான் இருந்தது. இலைகளின் பச்சை முதலில் போனது, பிறகு சேலையின் சிவப்பு.

வர்ணம் போகப் போக, அடியில் சோலை பென்சிலால் இழுத்திருந்த கோடுகள் தெரியத் தொடங்கின. ஒருநாள் காலையில் சாப்பிடும்போது அதைக் கவனித்தாள். முதலில் அவள் தலை குனிந்திருப்பதாகத்தான் வரைந்திருக்கிறான். பிறகு அதைக் கைவிட்டு, நிமிர்ந்து திரும்பிய முகமாக மாற்றியிருக்கிறான். வரைந்துகொண்டிருக்கும்போது நடுவில் அவன் கூப்பிட்டது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "ஏய், இங்கிட்டுப் பாரு புள்ள. வெரசா."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனாள்.