ரஹமத் பீவியின் மூடிய குவியல்

அதியமான்கோட்டையில் பெருஞ்சாலையை ஒட்டியிருந்த புளி மண்டிக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவள் தட்டிய புளியை யாரும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை ஓடாது என்பார்கள். அதனால் கொட்டை நீக்கிய புளி சேரச் சேர, ஒவ்வொருவரும் தன் குவியலைச் சாக்கால் மூடிவிடுவார்கள். எடை போடும்போதுதான் சாக்கு விலகும். இதில் ரஹமத் பீவி எல்லோரையும்விடக் கண்டிப்பு. யாராவது எட்டிப் பார்த்தால், உன் வூட்டுப் பானையில சோறு இல்லையா, என் பானையை எதுக்குத் தொறக்கறே என்று கேட்டுவிடுவார்.

என் அம்மா சாலம்மாள் அவருக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர். 1989இல் நடந்ததை இருவருமே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் இப்போது பெர்லினின் கிழக்குப் பக்கம் வசிக்கிறேன். இடிந்த சுவரின் மிச்சத்தைச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். தூரத்தில் இருப்பவன் சொல்வதில் எங்காவது தப்பு வந்துவிடுமோ என்ற பயமும் கூடவே வரும்.

கொட்டகையில் செங்கொடிச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் கருப்பண்ணன். கெட்டவர் அல்ல. மண்டிக்காரரோடு மல்லுக்கு நின்று பெண்களுக்குக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் வாங்கித் தந்தவர். அதற்காகச் சிறைக்கும் போய் வந்தவர். ஆனால் ஒருநாளும் புளி தட்டியவர் அல்ல. சங்கத்தில் இருப்பவர்களுக்கே மண்டியில் வேலை என்ற ஏற்பாடும் அவர் கொண்டு வந்ததுதான். நாளடைவில், யார் சங்கத்தில் இருக்கலாம் என்பது அவர் வாய்ச்சொல்லாகிப் போனது.

ஆண்டுக்கொரு முறை, நவம்பர் புரட்சி நாளன்று கூட்டம். கருப்பண்ணனே தொடரலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று கருப்பண்ணனே கேட்பார். புளிக்கறை படிந்த கைகள் எல்லாம் எழும். எழாத கை எது என்று பார்த்துக்கொள்ள, முன்வரிசையில் அவருடைய தங்கை கோவிந்தம்மாள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அவரும் அங்கே வேலை செய்தவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கருப்பண்ணன் சோவியத் பத்திரிகையைப் படித்துக் காட்டுவார். வழவழப்பான அந்தத் தாள் பிறகு பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போடப் போய்விடும் என்பதால் எல்லோரும் ஆசையோடு காத்திருப்பார்கள். அந்தச் சித்திரையில் அவர் படித்த செய்தி புதிதாக இருந்தது. ரஷ்யாவில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேர் போட்டியிட்டார்கள். மக்கள் திரைக்குப் பின்னால் போய், வேண்டாத பெயரை அடித்துவிட்டுச் சீட்டைப் போட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள் தோற்றுப் போனார்கள். படித்துக்கொண்டே வந்த கருப்பண்ணனின் குரல் அந்த இடத்தில் இறங்கியது.

ரஹமத் பீவி வேலையை நிறுத்தாமலே கேட்டார். "அங்கயே மூடிப் போடறாங்களே தோழரே, நாம மட்டும் எதுக்குங்க கையைத் தூக்கோணும்?"

அது பெரிய நாடு, இது சின்னச் சங்கம் என்றார் அவர். சின்னதை மூடச் சின்னச் சாக்குப் போதுமே என்றார் பீவி. கொட்டகை சிரித்தது. கருப்பண்ணனுக்குச் சுருக்கென்றது.

"அப்ப நீயே என்னை எதிர்த்து நில்லு பீவிம்மா. மூடியே போடலாம். தோத்துட்டா சங்கத்துல இருக்கக் கூடாது. சரியா?"

சங்கத்தில் இல்லையென்றால் வேலை இல்லை. கணவர் கவுஸ் பாஷா காலமான பிறகு அந்தக் குடும்பத்துக்கு இருந்ததே இந்த வேலைதான். அம்மா பீவியின் தொடையைக் கிள்ளி, வேண்டாம் என்று தலையசைத்தாராம். பீவி சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த நவம்பரில் பார்லிமென்ட் தேர்தல் வந்ததால் கூட்டம் மார்கழிக்குத் தள்ளிப் போனது. அதற்குள் பெர்லினில் சுவர் ஏறி நிற்கும் ஆட்களின் படம் தினசரிகளில் வந்துவிட்டது. கருப்பண்ணன் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பையே நிறுத்தியிருந்தார். பெண்களும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை, டீக்கடையில் போண்டா மடித்த தாளை எழுத்துத் தெரிந்த ஒருத்தி படிக்கக் கேட்டுக்கொண்டார்கள்.

பெரும்பாலோருக்கு எழுத்து வராது என்பதால் கூட்டத்தன்று சீட்டு இல்லை. பீவிதான் வழி சொன்னார். ஒரு பானை. அதன் மேல் சாக்கு. கருப்பண்ணன் வேண்டும் என்றால் கொட்டையோடு கூடிய ஒரு புளி; பீவி வேண்டும் என்றால் வெறும் கொட்டை. இரண்டும் ஆளுக்கு ஒவ்வொன்று. வேண்டியதை முந்தானைக்குள் கையில் எடுத்து, சாக்குக்கு அடியில் விட வேண்டும். மிஞ்சியதை முந்தானை மறைவிலேயே குப்பைத் தொட்டிக்குள் எறிந்துவிட வேண்டும்.

வரிசை நகர்ந்தது. கடைசி ஆளும் போட்ட பிறகு கோவிந்தம்மாள் பானையைக் கவிழ்த்தார்.

முழுப் புளி ஒன்றுகூட இல்லை. நார் எடுத்து, கொட்டை நீக்கிய சுத்தமான புளி எண்ண முடியாதபடி ஒரே உருண்டையாக ஒட்டிக் கிடக்க, அதில் கொட்டைகளும் கலந்து கிடந்தன. படபடப்போடு வரிசையில் நின்றவர்களின் விரல்கள் பழக்கத்தில் தங்கள் வேலையைச் செய்து முடித்திருந்தன. எந்தக் கொட்டை யாருக்கு விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கருப்பண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓட்டுப் போடச் சொன்னா வேலையை முடிச்சுட்டு வந்துட்டீங்க. இதுக்குக் கூலி நானா குடுக்கறது?"

பெண்களுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பீவி மட்டும் சிரிக்கவில்லை. யோசனை அவருடையது, கெட்டதும் அவரால்தான். சிரிப்பு அடங்கியதும் கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது, பழையபடி கையைத் தூக்குங்கள் என்றார்.

இரண்டு மூன்று கைகள் எழுந்தன. பீவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்ணும் கோவிந்தம்மாளிடம் போனது. ஆனால் அவர் அன்று திரும்பி உட்காரவில்லை. அண்ணனைப் பார்த்தபடியே இருந்தார்.

"இன்னொருக்கா போடலாம்ண்ணா," என்றார். "மூடிப் போட்டாத்தான் எனக்கும் கை ஓடுது."

எழுந்த கைகள் இறங்கின. கருப்பண்ணன் தங்கையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். சரி என்றார்.

புளிக்குப் பதில் எதிர்க்கடையில் என்ன வாங்குவது என்று பேச்சு வந்தது. நிலக்கடலை என்றாள் ஒருத்தி. உரித்துத் தின்றுவிடுவோம், வேண்டாம் என்றார் அம்மா. கடைசியில் கருப்பண்ணனுக்குக் கொள்ளு, பீவிக்குத் துவரை என்று முடிவானது. மறுபடியும் வரிசை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. விரல்களை இறுக மூடிக்கொண்டு நடந்தார்கள்.

பானை கவிழ்ந்தது. துவரைக்கு நடுவே கொள்ளைத் தேட வேண்டியிருந்தது.

யார் தொடங்கியது என்று தெரியாது. புளி தட்டும் கட்டைகளை எடுத்துப் பலகையில் அடிக்கத் தொடங்கினார்கள். சாலையில் லாரியை நிறுத்திவிட்டு வந்த டிரைவர்கள் உள்ளே கல்யாணமா என்று எட்டிப் பார்த்தார்கள். கருப்பண்ணன் கொடிக்கம்பத்தை எடுத்து வந்து பீவியின் கையில் கொடுத்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார் என்று அம்மா சொல்வார். சிரிக்கவில்லை என்று பீவி சொல்வார்.

பேசச் சொன்னார்கள். சத்தம் அடங்கும்வரை பீவி காத்திருந்தார்.

"அடுத்த வருசமும் மூடியேதான் போடோணும்," என்றார். "எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். தோத்தவங்க யாரும் வெளிய போக வேண்டாம். தோழரும் இருக்கட்டும்."

சில நாள் கழித்துக் கருப்பண்ணன் கொட்டகைக்கு வந்தார். எல்லோரிடமும் நலம் விசாரித்துவிட்டுத் தங்கையின் முன்னால் போய்க் குந்தினார்.

"உள்ளதைச் சொல்லு கோவிந்து. நீ எதைப் போட்டே?"

கோவிந்தம்மாள் தன் குவியல்மேல் கிடந்த சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். ரஹமத் பீவி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கட்டையை ஓங்கி அடுத்த புளியைத் தட்டினார்.