கிடங்கில் திரைக்கு முன் ஒரு முக்காலி

பாண்டி போன் செய்தபோது நான் ஏணிமேல் நின்று புரொஜெக்டரில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, ரெஜினாக்கா போயிருச்சுண்ணே" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் படத்தை வைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டாரோ என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவன் அழுத பிறகுதான் புரிந்தது. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே சரிந்துவிட்டாராம்.

இதை வாசிப்பவர்களில் பலர் எங்கள் கிடங்குக்கு வந்தவர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் ஏச்சு வாங்கியவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் அவருடைய அப்பா தோல் அடுக்கிவைத்த கிடங்கு அது. தொழில் நின்றுபோனதும் அக்கா அங்கே திரை கட்டி நாற்காலி போட்டார். மழை பெய்தால் இன்றும் தோல் வாடை வரும். நான் எலெக்ட்ரிக் கடைக்காரன். படம் ஓட்டுவது என் வேலை, எந்தப் படம் என்று முடிவு செய்வது அவர் வேலை. மாதத்துக்கு ஒரு பொருள், ஞாயிறு மதியம் ஒரு படம். ஒரு மாதம் முழுக்கத் தண்ணீர், ஒரு மாதம் முழுக்க ரயில். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் பொருளோடு ஒட்டினால் போதும். "டிக்கெட் வாங்கிட்டுத் தூங்குறவன் தூங்கட்டும்லே, குறட்டை மட்டும் விடக்கூடாது" என்பார்.

அந்த விளையாட்டெல்லாம் அவருடைய தம்பி அந்தோணி உயிரோடு இருந்தவரைதான். ஒரு இடத்தகராறு. பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பின்னால் வந்து அரிவாளால் வெட்டினார்கள். கழுத்தில் ஒன்று. தடுக்கத் தூக்கிய கையில் ஒன்று, விரல்கள் சாம்பார் வாளிப் பக்கம் போய் விழுந்தன. சோறு சிவந்துபோனது. சுற்றி நின்ற யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறான். வேறு எவனோ அதன்மேல் சினிமா சண்டை இசையைப் போட்டு, விசில் சத்தத்தையும் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினான். அது அக்காவின் போனுக்கும் வந்தது. அந்த நாய் யாரென்று தெரிந்தால் இந்த வயதிலும் நான் சும்மா விடமாட்டேன்.

அடக்கம் முடிந்த வாரம் அக்கா என் கடைக்கு வந்தார். அழவில்லை. "ஏலே சேகரு, இனிமே ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் கொலைப் படம்தான்" என்றார். "ஒருத்தன் வெட்டுப்படுறப்ப விசிலடிக்காத கூட்டம் ஒண்ணு இந்த ஊருல இருக்கணும். அம்புட்டுதான். அதைக் கண்ணால பாத்துட்டுத்தான் சாவேன்."

அன்றிலிருந்து அவர் படம் பார்க்கவில்லை. திரைக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு, எங்களுக்கு முகம் காட்டி உட்கார்ந்துகொண்டார். திரையில் தலை உருளும்போது அவர் கண் கூட்டத்தின் மேல் இருக்கும். விசில் வந்தால் கையைத் தூக்குவார். நான் படத்தை நிறுத்தி விளக்கைப் போடவேண்டும். முதல் முறை மாட்டியது காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பாண்டி. "எந்திரிப்பா. ஏன் விசிலடிச்ச?" என்று கேட்டார். "எல்லாரும் அடிச்சாங்கக்கா" என்றான். "எல்லாரையும் விடு, நீ சொல்லு." பதில் வரும்வரை படம் ஓடாது. கடைசியில், "வெட்டுனது நம்ம ஆளுக்கா, அதான்" என்றான். "உக்காரு" என்றார். திட்டவில்லை.

முதலில் அடிதடிப் படங்களைப் போட்டுவிட்டுப் பிறகு சாந்தமான படங்களைப் போட்டார். சாந்தமான படத்தில் விழுந்த ஒரே அடிக்கும் விசில் கூடியது. மாற்றிப் போட்டார். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் எழுந்து போனார்கள். அப்புறம்தான் ஒரு மாதத்துக்கு, "வெட்டுப்பட்டவன் வீடு" என்று பெயர் வைத்தார். கொலையே காட்டாத படங்கள். செத்தவனின் வீடு மட்டும். "கொலை ரெண்டு நிமிசம்லே. அதுக்கப்புறம் அந்த வீட்டுல சோத்துக்கு வெஞ்சனம் வைக்கிறது யாருன்றதுதான் மிச்சப் படம்" என்றார். கடைசி ஞாயிறுக்கு மட்டும் கொலை உள்ள ஒரு படம். ஒருவன் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறான், சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான், சாப்பிட உட்காருகிறான். ஒரே வெட்டு. அவ்வளவுதான் கதை. எப்போது கொலை மாதம் வந்தாலும் முடிவில் அந்தப் படம்தான்.

அப்படி ஒரு கடைசி ஞாயிறில் அவன் வந்தான். அந்தோணியை வெட்டியவர்களில் ஒருவன், ஜாமீனில் வெளியே வந்திருந்தான். டிக்கெட் வாங்கி நடுவில் உட்கார்ந்தான். வெட்டு விழுந்த நொடியில் விசிலடித்தான். அக்கா கையைத் தூக்கினார், நான் விளக்கைப் போட்டேன். "எந்திரிப்பா" என்றவர் முகத்தைப் பார்த்ததும் தானும் எழுந்துவிட்டார். பிறகு குரல் மாறாமல் கேட்டார். "ஏன் விசிலடிச்ச?" அவன் சிரித்தான். "நல்லாருந்துச்சு, அதான்."

அக்கா சுவரோரம் சாத்தியிருந்த ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்தார். முதல் அடி மண்டையில். தோல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அடுத்தது தோளில், எலும்பு முறிந்த சத்தம் நான் படம் ஓட்டும் அறைவரை கேட்டது. அவன் நாற்காலிகளோடு சரிந்தான். அவர் நிறுத்தவில்லை. அப்போதுதான் விசில் கிளம்பியது. ஒருவர் இருவரல்ல, கிடங்கு மொத்தமும். ஆண்டுக்கணக்காக வந்த நம் ஆட்கள், நீங்கள்தான். நான் விசிலடிக்காததற்குக் காரணம் எனக்கு அடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அக்காவின் கையிலிருந்து கம்பி நழுவியது. தம்பி அடக்கத்தில் வராத அழுகை அன்று வந்தது. முந்தானையைக் கிழித்து அவன் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆட்டோவைக் கூப்புடுலே" என்று என்னிடம் கத்தினார். பொம்பளை கையால் அடி வாங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டோ என்னவோ, மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவனே சொல்லிவிட்டான்.

கிடங்கைப் பூட்டிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே படத்தைப் போடச் சொன்னார். அவன் உட்கார்ந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, முக்காலியில் என்னை உட்காரச் சொன்னார். வெட்டு விழுந்தபோது நான் அவரைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், இரண்டு கையும் இல்லாத கம்பியைப் பிடித்திருந்தன. படம் முடிந்ததும், "எனக்கே இன்னும் அடங்கலடா" என்றார். அதற்குப் பிறகு அவர் முக்காலியில் உட்காரவே இல்லை. "விசிலடிச்சவளுக்கு அங்க என்ன வேலை" என்பார். அவர் உதடு குவிந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சண்டை நடந்த இடம் என்று கேள்விப்பட்டுப் புதுக்கூட்டம் வந்தது, விசிலும் கூடியது. அவர் கேட்ட அமைதி அவருக்குக் கிடைக்கவில்லை.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அந்த ஞாயிறே கிடங்கைத் திறந்தோம். கொலை மாதத்தின் கடைசி ஞாயிறு அது. படம் அவர் வைத்துவிட்டுப்போன படம். ஓட்டும் வேலையைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு நான் முக்காலியில் உட்கார்ந்தேன். திரையில் அவன் பிள்ளையைக் குளிப்பாட்டினான், காற்றடித்தான், இலை முன்னால் உட்கார்ந்தான். வெட்டு விழுந்தது. நான் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

துக்கத்துக்காக அடக்கிக்கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். அக்காவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார். கையைத் தூக்கினேன். விளக்கு வந்தது. "ஏன் யாரும் விசிலடிக்கல?" என்று கேட்டேன். பிறகு பாண்டி தானாகவே எழுந்தான்.

"பாதிச் சாப்பாட்டுல இருந்தான்லண்ணே" என்றான்.

விளக்கை அணைக்கச் சொன்னேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த முக்காலியும் அந்தக் கேள்வியும்தான். இரண்டும் என்னிடம் இருக்கும். அக்கா, நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட கூட்டத்தை உங்கள் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிறு பொறுத்திருக்கக் கூடாதா, அக்கா?