நீட்டிய கை

எங்கள் காஸ்தீல் நாட்டில் ஒருவர் கையை முத்தமிட்டால் அவருக்கு அடங்கியவர் என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். என் மாமியார் மென்சியா, முத்தத்துக்குக் கை நீட்டுவது எப்படி என்று ஒரு ராஜகுமாரிக்கே சொல்லிக்கொடுத்தவர்.

ராஜாவின் ஒரே மகளுக்குப் பால் கொடுத்து வளர்த்தது அத்தைதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே பிரபுக்கள் வரிசையில் வந்து அவள் கையை முத்தமிட்டார்கள். பிஞ்சுக் கை தொங்கிப்போகாமல் அத்தை காலைப்பொழுது முழுவதும் அடியில் தாங்கிப் பிடித்திருந்தாராம். நடக்கப் பழகியதும் பாடம் ஆரம்பித்தது. "நேரா நீட்டு கண்ணு. முத்தம் வர்ற வரைக்கும் இறக்கக் கூடாது." குழந்தை சமையலறைப் பூனையிடம்கூடக் கையை நீட்டிக்கொண்டு நிற்குமாம். இதைச் சொல்லும்போது அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். அதெல்லாம் அந்தக் காலம்.

ராஜா செத்தார். உடனே அவர் தம்பி, இவள் என் அண்ணன் பெற்ற பிள்ளையே இல்லை, பட்டம் எனக்குத்தான் என்று கிளம்பினார். நாடு இரண்டாகப் பிளந்தது. என் வீட்டுக்காரர் குத்தியெர்ரே அந்தப் பெண்ணின் பக்கம் நின்று எங்கள் ஊர்ப் பாலத்தைக் காவல் காத்து, தம்பியின் ஆட்களிடம் பிடிபட்டார். தூக்கு என்று முடிவாகிவிட்டது.

அப்போது தம்பியின் பக்கத்திலிருந்து சட்டம் படித்த ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொண்டைக்கடலைக் கஞ்சியை ருசித்துக் குடித்தார். அந்தப் பெண்ணின் தாயான ராணியின் அறைக்கு வேறொருவன் வந்துபோனதைப் பார்த்ததாகச் செவிலித்தாய் சத்தியம் செய்தால், மகன் உயிரோடு வருவான் என்றார். அத்தை அப்படி எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் கோயிலில் வேதப் புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் மீன்காரி ஓல்யா என் கைக்குழந்தையைப் பார்த்து, "இத உன் மாமியா கிட்டக் குடுத்துடாதடி. அவ வளத்த புள்ளைக்கு அப்பன் பேரு நிக்காது" என்றாள். குடத்துத் தண்ணீரை அவள் தலையில் கொட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வெயில் காலத்திலும் அத்தை வலது கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தார்.

தம்பிதான் ஜெயித்தார். அந்தப் பெண்ணை எங்கள் ஊர்க் கன்னிமடத்தில் அடைத்துவிட உத்தரவு வந்தது. போக வேண்டாம் என்று மகன் கெஞ்சியும், முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டு அத்தை கிளம்பிவிட்டார். துணைக்கு நான் போனேன். மடத்து வாசலில் புது ராஜாவின் குதிரைவீரர்கள் யார் தலை குனிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோவேறு கழுதையிலிருந்து இறங்கியவள், வளர்ந்த பெண், கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். முக்காடு போட்டு என்ன பிரயோஜனம்? நேராக அத்தையிடம் வந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. வலது கையை நீட்டினாள்.

முத்தமிட்டால், நீதான் ராணி என்று சொன்னதாகிவிடும். சொன்ன சத்தியம் பொய் என்றும் ஆகிவிடும். மறுபடியும் மகன் கழுத்துக்குக் கயிறு வரும். அத்தை அசையவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஆயா, கை வலிக்குது" என்றாள், மெதுவாக.

போர்வைக்குள்ளிருந்து அத்தையின் விரல்கள் வெளியே வந்தன. ஒரு குதிரை கனைத்தது. விரல்கள் உள்ளே போய்விட்டன. மடத்துத் தலைவி வந்து அவளைத் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். வாசலைத் தாண்டும் வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கஞ்சியை ஊற்றி மகன் முன்னால் வைத்தார்.

"உன்ன இனி யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா. சாப்பிடு."

என் வீட்டுக்காரர் கிண்ணத்தைத் தொடவில்லை.